வலிக்கு வக்காலத்து

வலி மனிதனைப் பண்படுத்துகிறது என்று சொல்பவர்களை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்தவர்களாக இருப்பார்கள். காலையில் காப்பி சாப்பிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, அப்புறம்தான் அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். பல்வலிக்காரன் ஒருவன் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, "நான் இப்போது பண்பட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பல் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?

என் எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு ஏழு வருஷங்கள் ஆகின்றன. ஆபரேஷன் ஜெயம் என்றார்கள். படத்தைப் பார்த்தால் ஜெயம்தான். எலும்புகளுக்கு நடுவே பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததைச் சீவி எடுத்துவிட்டார்கள். ஆனால் இடுப்பில் புறப்பட்டு, இடது தொடையின் பின்புறமாக இறங்கிக் குதிகால் வரைக்கும் போகிற வலி மட்டும், ஆபரேஷன் நடந்த சங்கதியே தனக்குத் தெரியாது என்பதுபோல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது ஒரு டாக்டர், முதுகெலும்புக்குள் தண்டுவடத்தை ஒட்டி ஒரு மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, இடுப்புச் சதைக்கு அடியில் ஒரு சின்ன பாட்டரிக் கருவியைப் புதைத்து வைக்கலாம் என்கிறார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதை ஒரு பத்திரிகைப் பேட்டியில் போகிறபோக்கில் சொன்னேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன.

தைலம் சொன்னவர்கள், முடக்கத்தான் கீரை சொன்னவர்கள், புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னவர்கள் எல்லோருக்கும் என் வந்தனம். அவர்கள் என் வலி போகவேண்டும் என்று நினைக்கிறவர்கள். (போன கையோடு அந்தத் தைலத்தின் பெயரை நான் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லவேண்டும் என்றும் நினைக்கிறவர்கள். அதில் தப்பில்லை.) என் சண்டை அவர்களோடு இல்லை. வலி போகக்கூடாது என்று எழுதியிருக்கிறார்களே, அவர்களோடுதான்.

அப்படி எழுதியவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. படித்தவர்கள், என் கதைகளை விரும்பி வாசிக்கிறவர்கள். ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை அவர் கையெழுத்தே சொல்கிறது, நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். என்னுடைய கடைசி இரண்டு நாவல்களிலும் முன்பு இல்லாத ஓர் ஆழம் வந்திருக்கிறதாம். அது வலி தந்த கொடையாம். கருவியை வைத்து அந்த ஊற்றை நான் அடைத்துவிடக் கூடாதாம். இன்னோர் அம்மாள், காரணமில்லாமல் கடவுள் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை, மின்சாரத்தை வைத்து அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார். அன்போடு எழுதின கடிதங்கள். அதனால்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அன்பில்லாதவர்கள் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஆசிரியர் ஐயா, அந்த நாவல்களை நான் எப்படி எழுதினேன் என்று சொல்லுகிறேன், கேளுங்கள். நாற்காலியில் இருபது நிமிஷத்துக்கு மேல் என்னால் உட்கார முடியாது. ஆகவே அரிசி டிரம்மின்மேல் ஒரு பலகையைப் போட்டு, நின்றபடியே எழுதுவேன். நிற்பதும் அரைமணி நேரத்துக்குத்தான். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, காலை மடக்கி நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி அடுத்த வரியை மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொள்வேன். நல்ல உரையாடல் ஒன்று தானாக ஓடிவருகிற சமயத்தில் கால் சுண்டி இழுக்கும். என் கதாபாத்திரங்கள் இருவரும் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தால், அவர்கள் என்ன பேச வந்தார்கள் என்பது எனக்கும் மறந்துபோயிருக்கும், அவர்களுக்கும் மறந்துபோயிருக்கும். அந்த நாவலில் அத்தியாயங்கள் குட்டை குட்டையாக இருப்பதை ஒரு விமர்சகர் 'செறிவு' என்று பாராட்டியிருந்தார். செறிவாவது மண்ணாங்கட்டியாவது! அதற்குமேல் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் எழுத்தில் ஆழம் வந்திருந்தால் அது வயசால் வந்திருக்கலாம். படித்த புத்தகங்களால் வந்திருக்கலாம். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரைச் சுடுகாட்டில் விட்டு வந்ததால் வந்திருக்கலாம். வலி என்ன கொடுத்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. எதை எடுத்துக்கொண்டு போயிற்று என்பது நன்றாகத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாற்பது பக்கம் எழுதி நிறுத்திய நாவல் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. மூன்று தலைமுறைக் கதை. அதற்கு நீண்ட வாக்கியங்கள் வேண்டும், நீண்ட உட்காரல் வேண்டும். வாசகர்கள் அதைப் பார்க்கவில்லை. ஆகையால் வலியின் கணக்கில் அதைப் பற்று எழுதாமல், வரவை மட்டும் எழுதி மகிழ்கிறார்கள்.

நம்முடைய வாசக உலகத்துக்கு இது பழைய பழக்கம். புதுமைப்பித்தன் 1948-இல் க்ஷயரோகத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. அவருடைய நோயைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் பேசும்போது சிலருடைய குரலில் ஒரு கிறக்கம் வந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். நோயும் எழுத்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதுபோல் பேசுவார்கள். நான் கேட்கிறேன்: அந்த நோய் தமிழுக்கு என்ன கொடுத்தது? ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் அந்த மனிதர் எழுதியிருக்கக்கூடிய அத்தனையையும் அது தின்றுவிட்டுப் போயிற்று. அவரை எழுப்பி உட்காரவைக்கிற மருந்துப் புட்டியோடு ஒருவர் அவர் கட்டிலருகே வந்திருந்தால், "வேண்டாம் ஐயா, எழுத்தின் ஊற்று அடைபட்டுவிடும்" என்று யாராவது கையைப் பிடித்துத் தடுத்திருப்பார்களா? தடுத்திருந்தால் அவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்போம்? என் விஷயத்தில் மட்டும் அது இலக்கிய அபிமானம் ஆகிவிடுகிறது.

வலியோடு வாழ்ந்த நாவலாசிரியன் ஒருவன் வலியைப் பற்றி என்ன நினைத்தான் என்று தெரியவேண்டுமானால், பிரெஞ்சுக்காரரான அல்ஃபோன்ஸ் தோதேயை விசாரிக்கவேண்டும். மேகநோய் முற்றி முதுகுத்தண்டைத் தாக்கியதில் அவர் பல ஆண்டுகள் துடித்தார். அந்தத் துடிப்பைப் பற்றிச் சின்னச் சின்னக் குறிப்புகளாக எழுதி வைத்தார். அவர் 1897-இல் இறந்து பல வருஷங்கள் கழித்துத்தான் அவை புத்தகமாயின. வலி மனிதனை வளர்க்கும் என்பதை அவரும் ஓர் எல்லைவரை ஒப்புக்கொண்டதுண்டு. அந்த எல்லையைத் தாண்டிய பிறகும் அவர் உயிரோடிருக்க நேர்ந்ததுதான் கொடுமை. என்ன செய்தார் அவர்? வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்குப் போய்க் குளித்தார். மார்ஃபியா ஊசி போட்டுக்கொண்டார். முதுகெலும்பை இழுத்து நீட்டினால் குணமாகும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நம்பியதால், தாடையில் வாரை மாட்டி அந்தரத்தில் தொங்கவிடும் சிகிச்சைக்குக்கூட உடம்பைக் கொடுத்தார். அது பலிக்கவில்லை. ஆனாலும் தொங்கினார். வலியை நேரில் அறிந்தவனுடைய தத்துவம் அதுதான். அவனிடம் போய், "உமது கலைக்கு இது நல்லது" என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

எழுத்தாளர்களை விடுங்கள். அவர்கள் எண்ணிக்கையில் சொற்பம். அவர்கள் புலம்பலையாவது அச்சில் போட ஆள் உண்டு. இந்த வக்காலத்தால் நிஜமாகவே பாதிக்கப்படுகிறவர்கள் நம் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி. இருபத்தைந்து வருஷ வலி. பதினான்கு பேர் சாப்பிடுகிற வீடு. குந்தி உட்கார்ந்து அரைத்து, குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்து, எழுந்திருக்கும்போது மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடுவாள். அந்த வீட்டில் டாக்டர் வராமல் இல்லை. தாத்தாவுக்குத் தும்மல் வந்தால் வருவார். அத்தைக்காக ஒரு நாளும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஏன் கூப்பிடவேண்டும்? அவள்தான் பொறுமைசாலி ஆயிற்றே! அவள் செத்த அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்: மகராசி, ஒரு நாள் 'உஸ்' என்று சொன்னதில்லை. சொன்னாள். நான் கேட்டிருக்கிறேன். அடுப்படியில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். பொறுமையைப் பாராட்டுவது டாக்டர் ஃபீஸைவிட மலிவு என்பதை நான் அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூடத்தில் நடந்ததுதான் தேசத்திலும் நடந்தது. சட்டப்படி கசகசாச் செடி பயிரிட்டு அபின் எடுக்கிற நாடு நம்முடையது. மார்ஃபியா அந்த அபினிலிருந்து வருவதுதான். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால், புற்றுநோயில் அலறுகிறவனுக்கு அந்த மார்ஃபியாவை வாங்கிக் கொடுப்பது பல மாநிலங்களில் பகீரதப் பிரயத்தனம் ஆகிவிட்டது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இடையில் இருபத்தொன்பது வருஷம். எத்தனையோ பேர் தங்கள் பொறுமைக்கு நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். (அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராக வலி மாத்திரைகளை வாரி இறைத்து, ஊர் ஊராக மக்கள் அதற்கு அடிமையாகிச் செத்ததையும் நான் அறிவேன். அதைக் காட்டி இதை நியாயப்படுத்துகிறவர்கள், வெள்ளம் வந்தது என்பதற்காகக் குடிதண்ணீர்க் குழாயை மூடச் சொல்கிறவர்கள்.)

இனி வக்காலத்தின் மறுபக்கத்துக்கு வருகிறேன். வலியைப் பாராட்டுவது ஒரு பக்கம் என்றால் அதை நம்பாமல் இருப்பது இன்னொரு பக்கம்.

ஆஸ்பத்திரியில் வலியை அளக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் கற்பனை செய்யக்கூடிய வலிகளிலேயே மோசமானது. என்னிடம் கேட்டால் எப்போதும் ஆறு என்பேன். நான்கு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்பது என்றால் நடிக்கிறான் என்பார்கள். ஆறு கௌரவமான எண்.

எந்தக் கிராமத்துக் கிழவியையாவது கேட்டுப் பாருங்கள், அவள் எண் சொல்ல மாட்டாள். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்பாள். காது குத்துகிறது, பல் குடைகிறது, வயிறு கடுக்கிறது, கால் உளைகிறது, புண் காந்துகிறது, கண் கரிக்கிறது என்பாள். குடைச்சலை உளைச்சல் என்று ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டாள். இவை அலங்காரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயை அடையாளம் காட்டும் சொற்கள். கனடாக்காரரான ரொனால்ட் மெல்ஸாக் இதை உணர்ந்திருந்தார். நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைச் சேகரித்து, 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து, 1975-இல் ஒரு வினாத்தாளாகவே வெளியிட்டார். சொல்லை எண்ணாக்கச் சொல்கிற நர்ஸம்மாளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு இருபது கட்டில்கள். ஆனால் எனக்குப் பகலில் உளைச்சல், அந்தியில் காந்தல், இரவு இரண்டு மணிக்கு ஈரக் கையால் ஸ்விச்சைத் தொட்டதுபோல் ஒரு சுரீர். இந்த மூன்றுக்கும் கூட்டல் போட்டு ஆறு என்று எழுதிக்கொண்டு போகிறார்கள்.

அதையும் நம்புகிறார்களா என்றால் அதுவும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பெரிய டாக்டர் ஒருவர், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே! எழுத்தாளர் அல்லவா, கற்பனை ஜாஸ்தி" என்று சிரித்தார். கூட இருந்த சின்ன டாக்டர்களும் சிரித்தார்கள். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979-இல் தான் வகுத்த இலக்கணத்தை 2020-இல் திருத்தி எழுதியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்கவேண்டும் என்று தனியாகவே குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. உலகத்து நிபுணர்கள் ஒன்றுகூடி எழுதிவைக்கவேண்டிய அளவுக்கு அது அரிதான பண்பாக இருக்கிறது.

இப்போது கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரத்தால் வலியை அடக்குவது நேற்றுத் தோன்றிய யோசனை அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி வைத்தியர், தலைவலிக்கும் கால்வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சுகிற திருக்கை மீனை உயிரோடு கொண்டுவந்து வலிக்கிற இடத்தில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். நவீன காலத்தில் இதற்கு வழி திறந்தது, முன்பு சொன்ன மெல்ஸாக்கும் பாட்ரிக் வால் என்ற ஆங்கிலேயரும் 1965-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. முழங்காலை மேஜையில் இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்த்துவிடுகிறோம். வலி கொஞ்சம் அடங்குகிறது. ஏன்? தொடுகையைக் கொண்டுபோகிற பருமனான நரம்பிழைகளும், வலியைக் கொண்டுபோகிற மெல்லிய நரம்பிழைகளும் தண்டுவடத்தில் ஒரு வாசலில் சந்திக்கின்றன. தொடுகைச் செய்தி நிறைய வந்தால் வாசல் வலிக்குச் சாத்திக்கொள்கிறது என்றார்கள் இருவரும். இரண்டே வருஷத்தில், 1967-இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க டாக்டர், நுரையீரல் புற்றுநோயால் துடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரின் தண்டுவடத்தில் மின்முனையைப் பொருத்தி, வாசலை மின்சாரத்தால் சாத்திப் பார்த்தார். அவர் வலி அடங்கியது. அந்த வம்சத்தில் வந்ததுதான் எனக்குச் சொல்லப்படுகிற கருவி. பழைய வகையில் வலிக்கிற இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு மதமதப்பு இருந்துகொண்டே இருக்கும். புதிய வகைகள் சிலவற்றில் அதுவும் தெரியாது. தெரியாமலே அவை எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு அந்த வாசல் கதை மட்டும் போதாது என்கிறார்கள்.

நேரே புதைத்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு வாரம் போல் பரீட்சை. கம்பியை மட்டும் ஊசிவழியாக உள்ளே விட்டு, கருவியை வெளியே இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். வாரம் முடிந்ததும் ஒரு கேள்வி: வலி பாதியாவது குறைந்ததா? ஆம் என்றால் ஆபரேஷன்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வருகின்றன. அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? நான்! படம் சொல்லாது, ரத்தப் பரிசோதனை சொல்லாது. என் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. ஏழு வருஷமாகக் கற்பனை ஜாஸ்தி என்று தள்ளுபடியான சாட்சி, விலை லட்சக்கணக்கில் போகிற கருவி ஒன்று கைமாறவேண்டிய அந்த ஒரு வாரத்தில் மட்டும் திடீரென்று சத்தியசந்தன் ஆகிவிடுகிறான். என் வலியை மதிக்காதவர்கள் என் நிவாரணத்தை மட்டும் மறுகேள்வி இல்லாமல் நம்புகிறார்கள். நான் ஆறு என்றபோது எழுதிக்கொள்ளத் தயங்கிய பேனா, மூன்று என்றால் பாய்ந்து எழுதும்.

உண்மையைச் சொன்னால், அந்த வாரத்தில்தான் என்னை மிகவும் சந்தேகிக்கவேண்டும். எனக்கு வலிக்கிறது என்பது எனக்குத் தெரியும்; அதில் என்னைவிடப் பெரிய அதிகாரி யாரும் இல்லை. ஆனால் வலி ஏன் குறைந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? கருவியால் குறைந்திருக்கலாம், கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையால் குறைந்திருக்கலாம். மூழ்குகிறவன் கையில் கிடைத்தது கட்டையா நுரையா என்று முதல் நிமிஷத்தில் அவனால் சொல்ல முடியாது.

இது என் சொந்த சந்தேகம் மட்டும் அல்ல. நார்வே நாட்டில், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி தீராத 50 பேருக்கு, அதாவது என்னைப் போன்ற 50 பேருக்கு, மதமதப்பு இல்லாத வகைக் கருவியைப் பொருத்தினார்கள். மூன்று மூன்று மாதமாகச் சில தவணைகளில் மின்சாரத்தை ஓடவிட்டும் சில தவணைகளில் ஓடாமலும் வைத்தார்கள். எப்போது ஓடியது, எப்போது ஓடவில்லை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. முடிவு 2022-இல் வெளியாயிற்று. பொருத்துவதற்கு முன் இருந்ததைவிட அவர்களுடைய முடக்கம் குறைந்திருந்தது. ஆனால் மின்சாரம் ஓடினபோதும் குறைந்திருந்தது, ஓடாதபோதும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது! அந்தக் கருவியை இயக்கிய முறை சரியில்லை என்று மறுத்த டாக்டர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. மறுவருஷம் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் இடுப்பு வலிக்கு இந்தக் கருவியைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொல்லிற்று. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், 2016 ஜூலையிலிருந்து 2020 ஜூலை வரை நான்கு வருஷங்களில் இவ்வகைக் கருவிகளைப் பற்றித் தனக்கு 1,07,000-க்கும் மேற்பட்ட புகார் அறிக்கைகள் வந்ததாக அறிவித்தது. அத்தனைக்கும் கருவிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அதுவே சொன்னது. கம்பி நகர்ந்துபோகும், புண் சீழ் வைக்கும், பாட்டரி தீர்ந்தால் மறுபடி கத்தி.

இதையெல்லாம் கத்தரித்து எனக்கு அனுப்பிவைத்த சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். பகுத்தறிவுக்காரர். எல்லாம் வியாபாரம், ஏமாறாதே, யோகாசனம் செய், பொறுத்துக்கொள் என்று முடித்திருக்கிறார். ஆரம்பம் எங்கேயோ இருந்தாலும், அந்த ஓய்வு பெற்ற ஆசிரியரும் கடவுளைச் சொன்ன அம்மாளும் போய்ச் சேர்ந்த அதே திண்ணையில்தான் இவரும் போய் உட்காருகிறார் பாருங்கள். பொறுத்துக்கொள்! பக்தியும் பகுத்தறிவும் இலக்கியமும் சேர்ந்து ஒரே குரலில் பாடுகிற பாட்டு தேசத்தில் இது ஒன்றுதான்.

அந்தச் சிநேகிதருக்கு நானும் ஒரு துண்டு அனுப்பினேன். ஹாலந்தில் ஒரு விபத்துக்குப் பின்னோ ஆபரேஷனுக்குப் பின்னோ கையிலோ காலிலோ தீராத எரிவலி வந்தவர்களுக்குச் செய்த ஆராய்ச்சி அது. 2000-இல் வந்த முதல் அறிக்கை, கருவி வைத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது என்றது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் கருவி வைத்தவர்களிடம், இவ்வளவுதான் பலன் என்று தெரிந்தால் மறுபடியும் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, ஏறக்குறைய அத்தனை பேரும் ஆம் என்றார்கள். புள்ளிவிவரக்காரர்கள் இதை ஒரு மூலையில் குறித்துவிட்டுப் போகலாம். நாவல் எழுதுகிறவன் அங்கேதான் நிற்கவேண்டும். இரண்டு வருஷம் ராத்திரியில் தூங்கியவனிடம், மூன்றாவது வருஷம் தூக்கம் போய்விட்டதே, ஏமாந்தாய் அல்லவா என்று கேட்டால் என்ன சொல்வான்? இரண்டு வருஷம் தூங்கினேன் என்றுதான் சொல்வான். எனக்கு இரண்டு வருஷம் கிடைத்தால் அந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் முடிந்துவிடும். அது நல்ல நாவலாக வருமா என்பது வேறு விஷயம். மோசமாக வந்தால், வலி போனதால்தான் என்று ஆசிரியர் ஐயா விமர்சனம் எழுதட்டும்.

கருவிக்குப் பணம் என்று போனால் ஊரில் இருக்கிற மனைக்கட்டைக் கொடுக்கவேண்டியிருக்கும். கொடுக்கலாமா கூடாதா என்பதை நானும் என் மனைவியும் முடிவு செய்வோம். அதற்கு எங்களுக்கு வேண்டியது உபதேசம் அல்ல, தகவல்.

பரீட்சை வாரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரம் எண் எதையும் சொல்வதில்லை என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். பதிலாக என் மனைவி ஒரு நோட்டில் கணக்கு வைக்கப்போகிறாள். அதை என்னிடம் காட்டமாட்டாள். ராத்திரி எத்தனை தடவை எழுந்து நடந்தேன், நாற்காலியில் எத்தனை நிமிஷம் இருந்தேன், தரையில் சம்மணம் போட்டு ஒரு வேளைச் சோறு முழுசாகச் சாப்பிட்டேனா, இவ்வளவுதான் கணக்கு. டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். மதமதப்புத் தெரியாத வகையைத்தான் வைக்கவேண்டும். அந்த ஏழு நாளில் இரண்டு நாள், எந்த நாள் என்று எங்கள் இருவருக்கும் சொல்லாமல், மின்சாரத்தை நிறுத்தி வைக்கவேண்டும். கருவிக் கம்பெனியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்த இளைஞர் அப்படி வழக்கமில்லை என்றார். டாக்டர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.